வடக்கே நிற்காத முள்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் நல்ல வெயில். மத்தியானத்துக்கு மேல் சிறுமலைப் பக்கம் மூட்டம், மழை வரவில்லை. இடுப்பு வலி அதே இடம், அதே குத்தல்.

லேபில் ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் துடைக்கவில்லை. மற்ற கருவிகளுக்கெல்லாம் ஒப்புக்கு ஒரு சந்தனக் கீற்று. டேன்ஜன்ட் கால்வனோமீட்டருக்கு மட்டும் வளையம் முழுக்கக் குங்குமம். அட்டெண்டர் பாண்டி அண்ணனுக்கு அதன் மேல் தனிப் பிரியம். "திருவாசி மாதிரி வட்டமா நிக்கிதுல்ல மேடம், சும்மா விட மனசு வரல."

ஜெசிந்தா வந்தாள். என்னிடம் இயற்பியல் படித்தவள். கடைசி செய்முறைத் தேர்வன்று அம்மா ஆஸ்பத்திரியில், அதனால் வரவில்லை. அந்த ஒன்று மட்டும் அரியர். அப்புறம் மில் வேலை, மறுபடி எழுத வாய்க்கவில்லை. இந்தத் தடவையோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. 16ஆம் தேதி தேறினால் பட்டம். இல்லையென்றால் படித்த படிப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

இருமிக்கொண்டே பேசுகிறாள். தலைமுடியில் பஞ்சு. மில்லை விடச் சொல்லி டாக்டர் சொல்லியாயிற்றாம். சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, பட்டம் கையில் இருந்தால் உடனே சேரலாம். "பாஸாயிட்டா மறுபடி அந்தப் பஞ்சுக்குள்ள போக வேணாம் மேடம்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

மற்ற சோதனைகள் எல்லாம் அத்துபடி. இந்த டி.ஜி. (எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்) மட்டும் மறந்துவிட்டதாம். தினமும் வந்து பழகச் சொன்னேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. இவருடைய நண்பர் ஒருவர் காந்தச் சாமான் வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார். காந்த மெத்தை, காந்தச் செருப்பு, காந்த டம்ளர். என் இடுப்புக்கென்று ஒரு காந்த பெல்ட். "ஒரிஜினல் காந்தமாம்ல. உள்ள வில்ல வில்லயா வச்சுத் தச்சிருக்கான்" என்கிறார் இவர். பிஸிக்ஸ் டீச்சர் புருஷனாக இருந்துகொண்டு! கறுப்பு பிளாஸ்டிக்கை வெட்டித் தைத்திருப்பான். இதில் காந்தம் இருந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். இவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவமாக இருந்தது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன்.

நாளை: பால் கார்டு. இட்லி அரிசி. மூன்றாம் வருடப் பிள்ளைகள் ரெக்கார்டு கையெழுத்து.

அக்டோபர் 7, செவ்வாய்

பெல்ட் கட்டினால் இடுப்புக்கு ஒரு பிடிமானம். இறுக்கிக் கட்டினால் எந்தத் துணியும் அதைச் செய்யும். சேலைக்குள் தெரியவில்லை, அந்த மட்டில் மானம் பிழைத்தது.

ஜெசிந்தாவுக்கு முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். செங்குத்தாக ஒரு வளையம், அதில் கம்பிச் சுற்று. நடுவே பெட்டிக்குள் ஒரு சின்னக் காந்த முள். அதை அதன் போக்கில் விட்டால் வடக்கு தெற்காக நிற்கும். வளையத்தையும் அதற்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். கம்பியில் மின்சாரத்தை விட்டால் முள் விலகும். எவ்வளவு விலகுகிறதோ அதிலிருந்து மின்னோட்டம் எவ்வளவு என்று கணக்கு. மின்சாரத்தை மாற்றி விட்டால் மறுபக்கம் அதே அளவு விலக வேண்டும். அந்தக் காலத்தில் மீட்டர் கீட்டர் ஏது, இதுதான் மீட்டர்.

சொல்லும்போது அழகாகத்தான் இருக்கிறது. முள் கேட்க வேண்டுமே! இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் வேறொரு அளவு. மறுபடி செய்தால் இரண்டும் இல்லாத மூன்றாவது அளவு. பக்கத்தில் இரும்பு இருந்தால் அப்படி ஆகும். கழற்று என்றேன். ஹேர்பின், துப்பட்டா ஊக்கு, மில் அடையாள அட்டையின் கிளிப், எல்லாம். ஏர்போர்ட்டில்கூட அப்படிச் சோதிக்க மாட்டார்கள். தலைமுடி அவிழ்ந்து நின்றுகொண்டு, "இன்னும் என்னத்த மேடம் கழட்ட?" என்றாள். நானும் வாட்ச், வளையல், முந்தானை ஊக்கு எல்லாம் கழற்றிப் பாண்டி அண்ணன் கையில் கொடுத்தேன். இரண்டு செல்போனையும் வெளியே அனுப்பினேன்.

முள் அதே ஆட்டம்.

அப்போதுதான் உறைத்தது. மேசை! இந்த வருடம் யாரோ பழைய மாணவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஸ்டீல் மேசைகள். மரமேசையெல்லாம் போய்விட்டது. காந்த முள்ளைக் கொண்டுபோய் இரும்பு மேல் வைத்தால் வேறென்ன செய்யும்? மீன்கடையில் பூனையைக் கட்டிப்போட்ட கதை. இவ்வளவு நாள் யாரும் கண்டுகொள்ளாததற்குக் காரணமும் தெரியும். நம் பிள்ளைகள் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங் எழுதுகிறவர்கள்.

ஜெசிந்தாவும் கேட்டாள். "நானும் அப்பிடியே எழுதிரவா மேடம்?" கூடாது என்றேன். வெளிக் கல்லூரியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் பக்கத்தில் நின்று பார்க்கிறவராக இருந்தால் மாட்டிக்கொள்வாள்.

அக்டோபர் 8, புதன்

மழை, சாரல் மாதிரி.

துறைத்தலைவரிடம் போனேன். ஒரே ஒரு மரமேசை வேண்டும், தேர்வு முடியும்வரை. "சின்ன விசயம் மேடம், பெருசாக்காதீங்க. குடுத்தவுங்க மனசு நோகும்" என்றார். ஒரு மேசையை மாற்றினால் யார் மனசு நோகும்? கேட்டால், "என் கையில ஒண்ணும் இல்ல மேடம், மேல கேக்கணும்." மேலே யார் என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நம் பழைய தேக்கு மேசை எங்கே இருக்கிறதென்று பாண்டி அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். கேன்டீனில். அதன் மேல்தான் புரோட்டாவுக்கு மாவு பிசைகிறார்கள். கேன்டீன்காரர் பிடி கொடுக்கவில்லை. "டேபிள எடுத்துட்டா மாவ எதுல போட்டு அடிக்க? ஒங்க தலையிலயா?"

டவுன் பஸ்ஸில் பின் சீட்டு அம்மாள் யாரிடமோ: "அவ சரியாத்தான்டி இருந்தா, இவ போயிப் போயி நின்னுதான் கெடுத்தா." எந்தக் குடும்பமோ. இறங்கும்வரை சிரிப்பு.

அக்டோபர் 9, வியாழன்

எழுந்திருக்கவே முடியவில்லை. லீவு சொல்லிவிட்டுப் படுத்தேன். இவர் ரசம் வைத்தார், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் அப்பளம்.

மத்தியானம் பாண்டி அண்ணன் போன். "மேடம், இன்னைக்கி பட்டுன்னு நின்னுருச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வருது. புள்ள ஒரே சந்தோசம்."

நான் நம்பவில்லை. அதே ஸ்டீல் மேசை, அதே முள், எப்படி வரும்? ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "விடையிலிருந்து எழுதினாயா?" என்று கேட்டேன். "இல்ல மேடம், சத்தியமா" என்றாள். சத்தியம் பண்ணுகிற அளவுக்குப் போனால் பொய்தான் என்று என் கணக்கு. கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அந்தப் பக்கம் மூச்சிழுப்பு கேட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

போனதும் முதல் வேலை, என் கண் முன்னால் செய்து காட்டு என்றேன். வரவில்லை. பார்த்தாயா என்றேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

பாண்டி அண்ணன்: "நேத்து நல்லாத்தான மேடம் நின்னுச்சு. ஒங்களக் கண்டா அதுக்கும் ஒரு மருவாத போல." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அவரே கேன்டீன்காரரிடம் போய்ப் பேசி ஒரு ஸ்டீல் மேசையைக் கொடுத்துத் தேக்கு மேசையை வாங்கிவிட்டார். துடைக்கச் சுலபமென்று கேன்டீன்காரருக்கு ஸ்டீல் பிடித்துவிட்டதாம். மேலே கேட்க வேண்டிய விஷயம் கீழேயே முடிந்தது.

அக்டோபர் 11, சனி

தேக்கு மேசை வந்தது. எண்ணெய் வாடை, சந்து பொந்தெல்லாம் காய்ந்த மாவு. பாண்டி அண்ணன் தேய்த்துக் கழுவினார். டி.ஜி.யைத் தூக்கி வைத்தோம். நான் பக்கத்திலேயே நின்றேன், இடுப்பை மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டு.

அதே ஆட்டம்.

மேசை இல்லையென்றால் பிறகு எது? மனதில் வந்த சந்தேகமெல்லாம் எழுதி வைக்கிறேன். தரைக்குள் கம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். ரயில் லைன் (அவ்வளவு தூரத்திலிருந்தா?). பழைய முள், காந்தம் செத்திருக்கலாம். வேறு பெட்டியிலிருந்து முள்ளை எடுத்து மாற்றினோம். அதுவும் அப்படியே. கடைசியில் நம் ஊர் மலைக்கோட்டைப் பாறையில் இரும்பு இருக்குமோ என்றுகூட யோசித்தேன். பைத்தியம் பிடிக்க இன்னும் செத்த நேரம்தான் பாக்கி.

இத்தனை வருடம் பாடம் நடத்தியவள். ஒரு முள் ஏன் ஆடுகிறதென்று சொல்லத் தெரியவில்லை. கையாலாகாத்தனம் என்பது இதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. தீபாவளித் துணி எடுக்க மெயின் ரோடு, நெரிசல். இவருக்குச் சட்டை, எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பிரியாணி வாங்கி வந்தோம்.

பெல்ட் எப்படி என்று இவர் கேட்டார். கொஞ்சம் தேவலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே நண்பருக்குப் போன். "டீச்சரே ஒத்துக்கிட்டாங்கப்பா!" தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜெசிந்தாவின் அப்பா வீடு தேடி வந்தார். பூக்காரர், சொந்தக் கொல்லையில் கனகாம்பரம். இலையில் சுற்றி ஒரு பந்து கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "புள்ளைக்கி மூச்சு இழுக்குறது பக்கத்துல படுத்துருக்கயில கேக்குதும்மா. ஈரல்ல பஞ்சு போயி அடைக்கிதுன்னு டாக்டரு சொல்லுறாரு. இந்தப் பரிச்ச ஒண்ணு முடிஞ்சுருச்சுன்னா போதும். ஒங்க கையிலதாம்மா இருக்கு."

என் கையில் என்ன இருக்கிறது? எக்ஸ்டர்னல் வருகிறார், யாருக்கு எந்தச் சோதனை என்று சீட்டுக் குலுக்குகிறார். வருகிற சீட்டு எதுவோ. சொல்லவில்லை அவரிடம். சரி என்று தலையாட்டினேன். பூவைச் சாமிக்கு வைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில், புழுக்கம்.

ஜெசிந்தா தயங்கித் தயங்கி, "மேடம், நான் மட்டும் தனியாச் செஞ்சு பாக்கட்டா?" என்றாள். சுருக்கென்றது. சரியென்று வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ரீடிங் எல்லாம் பொருந்துகிறது. திரும்பச் செய் என்று பக்கத்தில் போய் நின்றேன். போச்சு. எல்லாம் போச்சு. விரல் நடுங்குகிறது அவளுக்கு.

இப்போது புரிகிறது. மேசையும் இல்லை, ரயிலும் இல்லை. என் மேல் உள்ள பயம். நான் வந்தாலே கை நடுங்குகிறது, வளையத்தை இடித்துவிடுகிறாள். நான் கத்தியது, நம்பாதது எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளையை இப்படி ஆக்கியிருக்கிறது. நல்ல வாத்தியார்!

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். "வியாழக்கிழமை நான் உன் பக்கத்திலேயே நிற்பேன். திட்ட மாட்டேன். தைரியமாகச் செய்" என்றேன். சிரித்தாள். பல் வரிசை அழகு, இத்தனை நாள் கவனித்ததில்லை.

அக்டோபர் 15, புதன்

ஜெசிந்தாவுக்கு மில்லில் லீவு கொடுக்கவில்லை, நாளைக்கு மட்டும்தான் விடுவார்களாம். பழக வரவில்லை. டி.ஜி. சீட்டு அவளுக்கு வரக்கூடாது. பிஸிக்ஸ் படித்துவிட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

விடியும்போதே மழை. இடுப்பு வலி அதிகம், பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன்.

எக்ஸ்டர்னல் மதுரைக்காரர். வயதானவர், சாது. அரியர் பிள்ளைகள் நாலைந்து பேர்தான். சீட்டுக் குலுக்கினார். ஜெசிந்தா பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டி.ஜி.

பரவாயில்லை, பழகியிருக்கிறாள். நான் சீட்டு மேசையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் வளையத்தை நேராக்கிவிட்டாள். அழகாக. முள் அசையாமல் நின்றது, தூரத்திலிருந்தே அவள் முகத்தில் தெரிந்தது. சொன்ன சொல் தவறாமல் பக்கத்தில் போய் நின்றேன். சிரித்தேன்.

முள் நகர்ந்தது. "தொட்டுட்டேன் போல மேடம்" என்று முணுமுணுத்து மறுபடி சரிசெய்தாள். அடுத்த பையன் ஏதோ கேட்டான், இரண்டடி போய்விட்டு வந்தேன். மறுபடி விலகியிருக்கிறது. இருமல் வந்துவிட்டது. பயப்படாதே என்று இன்னும் நெருங்கி நின்றேன். எழுதினாள், அடித்தாள், எழுதினாள்.

எக்ஸ்டர்னல் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் இம்புட்டு வித்தியாசம் வருதேம்மா. வடக்கு தெக்காத்தான வச்ச?"

"வச்சேன் சார்."

"வச்சிருந்தா இப்பிடி வராதே." என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க கூடவேதான நின்னீங்க. சரியா வச்சாளா?"

கண்ணால் பார்த்தேன், சரியாகத்தான் வைத்தாள் என்றேன். "அப்ப முள்ளு பொய் சொல்லுதா?" என்றார். கோபமில்லாமல்தான்.

பின்னாலிருந்து எழுதியிருக்கலாம் அவள். மற்ற எல்லோரையும் போல. நான் கூடாது என்றதால் எழுதவில்லை. முள் காட்டியதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தேறவில்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "தப்பான ரீடிங்குக்கு எப்பிடிம்மா மார்க்கு போட?" என்கிறார். நியாயம்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கவரில் போட்டு அரக்கு வைத்தாயிற்று. வாசலில் பாண்டி அண்ணன், "புள்ள?" என்றார். இல்லையென்று தலையை ஆட்டினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

லேபில் யாரும் இல்லை. கருவிகளை எடுத்து வைக்க நான் மட்டும். இடுப்பு தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பெல்ட்டை அவிழ்த்துத் தேக்கு மேசை மேல் போட்டேன், டி.ஜி. பக்கத்தில். நாற்காலியில் சரிந்தேன்.

முள் சட்டென்று திரும்பிப் பெல்ட்டைப் பார்த்தது.

பெல்ட்டை இந்தப் பக்கம் வைத்தேன். முள் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வைத்தேன். அந்தப் பக்கம். கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வருகிறது. பெல்ட்டை ஜன்னல் வரை கொண்டுபோனேன். முள் மெல்ல ஆடி அடங்கி வடக்கே நின்றது. என்ன அழகாக நின்றது!

ஒரிஜினல் காந்தம்.

அவளிடம் ஹேர்பின்னைக் கழற்றச் சொன்னவள் நான். ஊக்கு, வளையல் எல்லாம் கழற்றியவள், இதைக் கழற்றவில்லை. இதில் காந்தம் இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைக்கவில்லை. ஊரை ஏமாற்றுகிற சாமான் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு. ஒரு குண்டூசியை அதன் பக்கத்தில் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். காட்டவில்லை. மேசை உயரம் சரியாக என் இடுப்பு உயரம். நான் லீவு போட்ட அன்று அந்த ஸ்டீல் மேசையிலேயே (காந்தம் ஒட்டாத ஸ்டீல் போல) சரியாக வந்தது. வகுப்புக்குப் போன அன்று சரியாக வந்தது. தைரியம் கொடுக்கிறேன் என்று போய் ஒட்டி நின்றேன்.

அழுதேன். வேறென்ன செய்ய.

துறைத்தலைவரிடம் ஓடினேன், சொன்னேன். "என்னன்னு எழுதிக் குடுப்பீங்க மேடம்? இடுப்புல காந்தம் கட்டிருந்தேன்னா? பிஸிக்ஸ் டிபார்ட்மெண்ட்டு சிரிப்பா சிரிச்சுரும்." சிரிக்கட்டும், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் வைத்தார். அது அங்கேதான் இருக்கும்.

எக்ஸ்டர்னலுக்குப் போன். பொறுமையாகக் கேட்டார். "அட கடவுளே. பாவம்மா அந்தப் புள்ள. ஆனா கவர் போயிருச்சே. இனி என் கையில இல்லம்மா." யார் கையிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து பெல்ட்டை இவர் மடியில் போட்டேன். "நெசமாவே காந்தம்தான்" என்றேன். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று சந்தோஷமாகச் சிரித்தார். பேரை மாற்றிக்கொள்ள வேண்டியவள் நான். அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 18, சனி

மழை விடவில்லை. முறுக்கு மாவு திரித்து வந்தாயிற்று. பிழியக் கை வரவில்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவளே கூப்பிட்டாள். மில்லிலிருந்து. பின்னால் மெஷின் இரைச்சல், நடுநடுவே இருமல். ரிசல்ட் வராவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க வெசனப்படாதீங்க மேடம். எனக்குத்தான் கை வரல. ஆனா நீங்க வந்து பக்கத்துல நின்னீங்க பாருங்க, நம்மள நம்பி ஒருத்தங்க நிக்கிறாங்கன்னு இருந்துச்சு. அதுவே போதும் மேடம். திங்கக்கெழம தீபாவளில்ல, அப்பாட்ட ஒங்களுக்குப் பூ குடுத்து விடுறேன்."

"ஜெசிந்தா, ஒன்று சொல்ல வேண்டும். அந்த முள்" என்று ஆரம்பித்தேன்.

"என்ன மேடம்? கேக்கல, ஒரே சத்தம். ஷிப்ட்டு மணி அடிச்சுட்டாங்க. உள்ள போறேன் மேடம். வாரேன்."